63 புள்ளி கூடுதலாக எடுத்தும் 3-9: நெப்ராஸ்காவின் 2021 சீசனில் என்ன நடந்தது?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நெப்ராஸ்கா அணி 2021-இல் 12 ஆட்டம் ஆடியது. எடுத்த புள்ளி 335, விட்டுக்கொடுத்தது 272. கையில் 63 மிச்சம். ஆனால் முடிவு 3 வெற்றி, 9 தோல்வி. இது வெறும் துரதிர்ஷ்டமா, பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட்டின் தவறா?

இரண்டும்தான். ஆனால் பாதிப் பாதி என்று பிரித்துவிட்டு நகர முடியாது. எந்தப் பாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பார்க்க ஒவ்வொரு ஆட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் போட வேண்டும்.

முதலில் அந்த 63. கிரிக்கெட்டில் நிகர ரன் ரேட் நன்றாக இருந்தும் புள்ளிப் பட்டியலில் அடியில் கிடக்கும் அணியைப் பார்த்திருப்பீர்கள். கத்துக்குட்டி அணி ஒன்றை 150 ரன்னில் நசுக்கிவிட்டு, மற்ற எல்லா ஆட்டத்தையும் கடைசி ஓவரில் கோட்டைவிட்டால் அப்படித்தான் ஆகும். நெப்ராஸ்காவுக்கும் அதே கதை. வென்ற மூன்று ஆட்டங்கள்: ஃபோர்டம் 52-7, பஃபலோ 28-3, நார்த்வெஸ்டர்ன் 56-7. மூன்றிலும் சேர்த்து 119 புள்ளி மிச்சம். தோற்ற ஒன்பதிலும் சேர்த்து நஷ்டம் 56 மட்டுமே. 119-இல் 56 போனால் 63.

தோல்விகளை வரிசையாகப் பாருங்கள். இல்லினாய் 22-30, ஓக்லஹோமா 16-23, மிச்சிகன் ஸ்டேட் 20-23 (கூடுதல் நேரத்தில்), மிச்சிகன் 29-32, மின்னசோட்டா 23-30, பர்டூ 23-28, ஒஹாயோ ஸ்டேட் 17-26, விஸ்கான்சின் 28-35, அயோவா 21-28. மிகப் பெரிய தோல்வியே 9 புள்ளியில்தான். ஒரே சீசனில் ஒன்பது ஆட்டங்களை ஒற்றை இலக்க வித்தியாசத்தில் தோற்ற அணி கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டத்தில் அதற்கு முன் இருந்ததில்லை.

பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவது டச் டவுன், அதற்கு 6 புள்ளி, அதன்பின் உதைக்கும் எக்ஸ்ட்ரா பாயின்ட் 1, உதைக்காமல் மறுபடி கோட்டைத் தாண்டினால் 2. ஆக ஒருமுறை பந்தைக் கையில் வைத்து அதிகபட்சம் 8 எடுக்கலாம். அதனால் 8 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தை 'ஒரு ஸ்கோர் ஆட்டம்' என்பார்கள். நெப்ராஸ்கா அந்த சீசனில் அப்படிப்பட்ட எட்டு ஆட்டம் ஆடி எட்டையும் தோற்றது. ஒவ்வொன்றும் பூவா தலையா என்று வைத்துக்கொண்டால், எட்டு முறையும் எதிராக விழ 256-இல் ஒரு வாய்ப்பு. அதிர்ஷ்டத்துக்கு இதில் பங்கே இல்லை என்று யாரும் வாதிட முடியாது.

ஆனால் ரசிகர்கள் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளி இரண்டையும் வைத்து 'நியாயமாக எத்தனை வென்றிருக்க வேண்டும்' என்று கணிக்கும் வாய்ப்பாடு ஒன்று உண்டு. பேஸ்பாலில் பிறந்தது, பித்தாகரஸ் பெயரால் வழங்குகிறது. எடுத்த புள்ளியை 2.37 அடுக்குக்கு உயர்த்தி, அதை எடுத்தது, கொடுத்தது இரண்டின் 2.37 அடுக்குகளின் கூட்டலால் வகுக்க வேண்டும். 335-ஐயும் 272-ஐயும் அதில் போட்டால் 0.62 வரும். 12 ஆட்டத்துக்குச் சுமார் 7.4 வெற்றி. 'ஏழு வென்றிருக்க வேண்டிய அணி மூன்றுதான் வென்றது' என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அந்த மூன்று ஒருபக்க ஆட்டங்களை எடுத்துவிட்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். மீதி ஒன்பதில் எடுத்தது 199, கொடுத்தது 255. வாய்ப்பாடு 0.36 தருகிறது, அதாவது ஒன்பதில் மூன்று வெற்றிக்குச் சற்று மேல். வென்ற மூன்றையும் சேர்த்தால் ஆறு. என் கணக்கில் நேர்மையான எண் இந்த ஆறுதான், ஏழரை அல்ல. ஃபோர்டம் இரண்டாம் தட்டுப் போட்டியில் ஆடும் அணி. அதற்கு எதிராக அடித்த 52 புள்ளி மிச்சிகனை எப்படி எதிர்கொள்வாய் என்பதற்குச் சான்றாகாது. ஆறு என்பது சாதாரண எண்ணும் அல்ல. 12-இல் 6 வென்றால்தான் சீசன் முடிவில் நடக்கும் கூடுதல் ஆட்டமான பௌலுக்குத் தகுதி. ஆக நெப்ராஸ்கா தவறவிட்டது சாம்பியன் பட்டத்தை அல்ல, ஒரு நடுத்தரமான சீசனை. மீதி மூன்று வெற்றிகள் எங்கே போயின என்பதே கேள்வி.

எதிரணிகள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோற்கடித்த ஒன்பதில் இல்லினாயைத் தவிர மற்ற எட்டும் அந்த சீசனில் குறைந்தது 9 ஆட்டங்களை வென்றவை. மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட், ஓக்லஹோமா நான்கும் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் இறுதித் தரவரிசையில் முதல் பத்துக்குள் முடித்தன. இவ்வளவு கடினமான அட்டவணையில் ஒவ்வொரு ஆட்டத்தையும் கடைசிவரை இழுத்த அணியை 'மோசமான அணி' என்று சொல்வது தவறு. மோசமான அணி எப்படியிருக்கும் என்று பார்க்க 1979 முதல் 1982 வரை தொடர்ந்து 34 ஆட்டங்கள் தோற்ற நார்த்வெஸ்டர்னைப் பாருங்கள். அல்லது 2023-இல் 13-1 என்று முடித்துவிட்டு 2024-இல் 2-10-க்குச் சரிந்த ஃப்ளோரிடா ஸ்டேட். அங்கே தாக்குதல், தடுப்பு எல்லாமே ஒட்டுமொத்தமாக விழுந்தன. நோட்டர்டேமிடம் 3-52 என்று அடிவாங்கிய அணியின் நோயும், மிச்சிகனிடம் 29-32 என்று தோற்ற அணியின் நோயும் வேறு. மருந்தும் வேறு.

சரி, நெப்ராஸ்காவின் நோய் என்ன? ஃபுட்பால் அணி என்பது உண்மையில் மூன்று அணிகள். பந்து கையிலிருக்கும்போது ஆடுவது ஒன்று, எதிரி கையிலிருக்கும்போது தடுப்பது ஒன்று, பந்தைக் காலால் உதைக்கும் நேரத்தில் மட்டும் இறங்குவது மூன்றாவது. அதற்கு ஸ்பெஷல் டீம்ஸ் என்று பெயர். பார்வையாளர்கள் தேநீர் வாங்கப் போகும் நேரம் அது. 2021 நெப்ராஸ்கா செத்துப்போனது அங்கேதான்.

முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் 28, இல்லினாயின் சொந்த மைதானம். இல்லினாய் உதைத்த பன்ட் ஒன்று நெப்ராஸ்காவின் கோல் கோட்டை ஒட்டி இறங்குகிறது. பன்ட் என்பது 10 யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியில் பந்தை எதிரிக்கே தூரமாக உதைத்து ஒப்படைப்பது. இதைப் பிடிக்க நிற்பவருக்குப் பள்ளியிலிருந்தே சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்று உண்டு: குதிகாலை 10 யார்டு கோட்டில் வை, அதற்குப் பின்னால் ஒரு அடிகூட எடுத்து வைக்காதே, தலைக்கு மேல் போகிற பந்தைத் தொடாதே. தொடாமல் விட்டால் பெரும்பாலும் பந்து உருண்டு கோல் கோட்டுக்குப் பின்னாலுள்ள எண்ட் ஸோனுக்குள் போகும். இலவசமாக 20 யார்டு கோட்டில் பந்து கிடைக்கும். நெப்ராஸ்கா வீரர் பின்னால் போய், கோட்டருகே பந்தைப் பிடித்து, எண்ட் ஸோனுக்குள் விழுந்துகொண்டே பந்தை வெளியே வீசினார். சொந்த எண்ட் ஸோனிலேயே இப்படி மாட்டிக்கொண்டால் அது சேஃப்டி. எதிரிக்கு 2 புள்ளி.

சேஃப்டியில் போவது 2 புள்ளி மட்டும் அல்ல. புள்ளியையும் கொடுத்து, பந்தையும் உதைத்து எதிரியிடமே கொடுக்க வேண்டும். டச் டவுன் கொடுத்தால்கூட அடுத்து பந்து உங்களுக்குத்தான் வரும். சேஃப்டியில் அதுவும் இல்லை. இந்த சீசனில் நெப்ராஸ்கா இல்லினாய், மின்னசோட்டா, அயோவா என்று மூன்று தோல்விகளில் சேஃப்டி கொடுத்தது. ஒரு சீசன் முழுக்க ஒரு சேஃப்டிகூடக் கொடுக்காத அணிகள் ஏராளம்.

அதே இல்லினாய் ஆட்டத்தில் நெப்ராஸ்காவின் உதையாளர் இரண்டு எக்ஸ்ட்ரா பாயின்ட்டைத் தவறவிட்டார். 22 என்ற ஸ்கோரே அதைக் காட்டிக்கொடுக்கும்: 3, 6, 6, 7. இவர் முந்தைய ஆண்டு நெப்ராஸ்கா ஆடும் பிக் டென் பிரிவின் சிறந்த உதையாளர் விருது பெற்றவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். உதையாளர்களின் ஃபார்ம் அப்படிப் போய்விடும், அதற்கு யாரிடமும் முழு விளக்கம் கிடையாது. ஆனால் அது தெரிந்த பின்னும் நம்பகமான மாற்று ஆள் கையில் இல்லாதது திட்டமிடல் குறை. எக்ஸ்ட்ரா பாயின்ட் தவறினால் போவது ஒரு புள்ளிதானே என்று தோன்றும். அந்த ஒன்றைத் துரத்திப் பிடிக்க அடுத்த டச் டவுனில் இரண்டுக்கு ஆட வேண்டுமா, பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி ஃபீல்ட் கோல் போதுமா போதாதா என்று அதன்பின் எடுக்கும் முடிவெல்லாம் கோணலாகிறது.

ஓக்லஹோமா ஆட்டம் செப்டம்பர் 18-இல். 1971-இல் இதே இரு அணிகள் ஆடிய 'நூற்றாண்டின் ஆட்டம்' நடந்து 50 ஆண்டு ஆனதைக் கொண்டாட வைத்த ஆட்டம். நெப்ராஸ்கா ஒரு டச் டவுன் அடித்து, எக்ஸ்ட்ரா பாயின்ட் உதைக்க, ஓக்லஹோமா அதைத் தடுத்து, பந்தை எடுத்துக்கொண்டு மறுமுனைவரை ஓடிவிட்டது. கல்லூரி விதிப்படி அப்படி ஓடினால் தடுத்த அணிக்கு 2 புள்ளி. தனக்கு வர வேண்டிய 1 வரவில்லை, எதிரிக்கு 2 போனது: ஒரே உதையில் 3 புள்ளி ஆட்டம். தோற்றது 7-இல். ஃபீல்ட் கோல் முயற்சிகளும் வீணாயின.

மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் முழு சீசனும் அந்த ஒரு உதையில் அடங்கியிருக்கிறது. செப்டம்பர் 25, ஈஸ்ட் லான்சிங். இரண்டாம் பாதியில் நெப்ராஸ்காவின் தடுப்பு மிச்சிகன் ஸ்டேட்டை மொத்தமே 14 யார்டுக்குள் அடக்கி வைத்திருந்தது. ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட, அதாவது நான்கு முயற்சிக்குள் 10 யார்டு கடப்பதைக்கூட, கொடுக்கவில்லை. கென்னத் வாக்கர் என்ற, அந்த ஆண்டு நாட்டிலேயே பேசப்பட்ட ஓட்டக்காரரை வைத்திருந்த அணி அது. நெப்ராஸ்கா 20-13 என்று முன்னிலை. ஆட்டம் முடிய நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பன்ட் அடிக்கிறார்கள்.

பன்ட் என்றால் சும்மா ஓங்கி உதைப்பது இல்லை. பந்து எந்தப் பக்கம் போகும் என்பது உதைப்பதற்கு முன்பே முடிவாகியிருக்கும். 'வலது ஓரம்' என்று முடிவானால், உதைப்பவரைத் தவிர்த்த பத்துப் பேரும் வலது ஓரத்தைக் குறிவைத்துத் தங்கள் தங்கள் தடத்தில் ஓடுவார்கள். ஓரக் கோடு பதினோராவது தடுப்பாளர் மாதிரி. பிடிப்பவருக்கு ஒருபக்கம் கோடு, மறுபக்கம் ஆட்கள், தப்பிக்க வழியில்லை. பந்து 40 யார்டுக்கு மேல் போக வேண்டும், 4 விநாடிக்கு மேல் காற்றில் நிற்க வேண்டும். இவர்கள் கீழே போய்ச் சேர அந்த நேரம் தேவை. பந்து எதிர்ப்பக்கம் போய்விட்டால்? ஓடிய பத்துப் பேரும் மைதானத்தின் ஒரு பாதியில். பந்தும் பிடிப்பவரும் மறுபாதியில். இடையில் காலிப் புல்.

அதுதான் நடந்தது. பந்து திட்டமிட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போனது. ஜேடன் ரீட் பிடித்தார், 62 யார்டு ஓடினார், கிட்டத்தட்ட யாரும் தொடவில்லை. 20-20. இரண்டாம் பாதியில் தாக்குதலால் 14 யார்டு எடுத்த அணி, ஒரே பன்ட்டில் 62 எடுத்துவிட்டது. கூடுதல் நேரத்தில் நெப்ராஸ்காவுக்கு முதலில் பந்து. தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஏட்ரியன் மார்ட்டினஸ் வீசியதை எதிரணி பிடித்துக்கொண்டது. கல்லூரிக் கூடுதல் நேரத்தில் ஆளுக்கொரு முறை 25 யார்டிலிருந்து ஆட வேண்டும். முதலில் ஆடியவர் வெறுங்கையோடு திரும்பினால், அடுத்தவருக்கு ஒரு ஃபீல்ட் கோல் போதும். வாக்கர் ஓடிக் கோட்டருகே கொண்டுபோனார், உதையாளர் முடித்துவிட்டார். 20-23.

எதிர்ப்பக்கம் உதைத்தது ஒரு இளைஞனின் கால் வழுக்கல் என்று விட்டுவிடலாம். பயிற்சியாளரைக் குறைசொல்ல வேண்டிய இடம் வேறு. முன்னிலையில் இருக்கும்போது, நான்கு நிமிடம் மிச்சம் இருக்கும்போது, நாட்டின் ஆபத்தான ரிட்டர்ன் ஆட்களில் ஒருவர் எதிரே நிற்கும்போது, அவர் கையில் பந்து விழும் பன்ட்டையே ஏன் அடிக்க வேண்டும்? மைதானத்துக்கு வெளியே போகும்படி குறுக்கே அடித்துப் பத்து யார்டை இழக்கலாம். பத்து யார்டு போனாலும் 14 யார்டுதான் எடுத்த தாக்குதலை மறுபடி நிறுத்த உங்கள் தடுப்பு இருக்கிறது. இது பின்னாலிருந்து பேசும் புத்திசாலித்தனம் அல்ல. பயிற்சி அறைகளில் வாராவாரம் எழுதிவைக்கும் பாடம்தான்.

விஸ்கான்சினில் ஆட்டத்தின் முதல் உதையே 91 யார்டு ஓடி டச் டவுன் ஆனது. தோற்றது 7-இல். அயோவாவுக்கு எதிராக, நவம்பர் 26-இல், மார்ட்டினஸ் காயத்தால் ஆடாமல் லோகன் ஸ்மதர்ஸ் தொடங்கிய ஆட்டத்தில், நெப்ராஸ்கா 21-6 என்று முன்னிலையில் இருந்தது. அயோவாவின் தாக்குதலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அது 15 புள்ளியைச் சீக்கிரம் துரத்தும் வகை அல்ல. நெப்ராஸ்காவே உதவியது. பன்ட் ஒன்று தடுக்கப்பட்டு, பந்தை எடுத்த அயோவா ஆள் டச் டவுனுக்கு ஓடினார். பந்து பின்னால் வீசப்பட்டு, உதைபட்டுக் கிளம்ப சுமார் 2 விநாடிதான் ஆக வேண்டும். முன்வரிசையில் ஒருவர் தவறான ஆளை மறித்து ஓர் ஆள் நேராக உள்ளே வந்தாலே அது போதாது. இதோடு இரண்டு ஃபீல்ட் கோல், எண்ட் ஸோனில் ஒரு சேஃப்டி, இன்னொரு டச் டவுன். 22 புள்ளி, பதிலே இல்லாமல். 21-28.

இப்போது கூட்டுங்கள். உதை நேரத்தில் நேரடியாகக் கைமாறிய புள்ளிகள் மட்டும்: இல்லினாயில் 4, ஓக்லஹோமாவில் 3, மிச்சிகன் ஸ்டேட்டில் 7, விஸ்கான்சினில் 7, அயோவாவில் 7. மொத்தம் 28. ஒன்பது தோல்விகளின் மொத்த வித்தியாசம் 56 என்று மேலே சொன்னேன். சரியாகப் பாதி! தவறிய ஃபீல்ட் கோல்களை இதில் சேர்க்கவே இல்லை. மின்னசோட்டாவில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று தவறியது. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக 17-23 என்று இருந்தபோது, வேறு உதையாளரை இறக்கியும், எளிதான தூரத்தில் ஒன்று தவறியது. அது போயிருந்தால் 20-23. கடைசி நிமிடங்கள் வேறு மாதிரி ஆடப்பட்டிருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. விஸ்கான்சினின் அந்த முதல் உதை டச் டவுன் ஆகாமல் இருந்திருந்தால் மீதி 60 நிமிடமும் அப்படியே நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த ஆட்டத்தில் ப்ரேலன் ஆலன் 228 யார்டு ஓடினார்; அவரை நிறுத்த முடியாதது தடுப்பின் தோல்விதான். ஆனால் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் நடந்த மிச்சிகன் ஸ்டேட், அயோவா உதைகளுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

ஸ்பெஷல் டீம்ஸ் மேல் பழிபோட முடியாத இரண்டு தோல்விகளும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பதில் ஒருதலையாகிவிடும். பர்டூ ஆட்டத்தில் மார்ட்டினஸ் நான்கு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு) வீசினார், அதில் ஒன்று நேராக டச் டவுனுக்குத் திரும்பியது. நான்கு வீசி 5 புள்ளியில் தோற்றது என்பதே அணியின் மற்ற பகுதிகள் எவ்வளவு நன்றாக ஆடின என்பதற்குச் சாட்சி. மிச்சிகன் ஆட்டம் இன்னும் வலிக்கும். 29-29, இரண்டு நிமிடத்துக்குக் குறைவு, பந்து நெப்ராஸ்காவிடம். மார்ட்டினஸ் தானே எடுத்து ஓடுகிறார், தேவையான தூரத்துக்காக இரண்டு மூன்று பேர் பிடியில் நின்றுகொண்டே முன்னால் தள்ளுகிறார். நின்றுகொண்டே தள்ளும் ஆள்தான் பந்தைப் பறிகொடுப்பார். அதனால்தான் அந்த நேரத்தில் இரண்டு கையாலும் பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தரையில் விழு என்பார்கள். பிராட் ஹாகின்ஸ் பந்தைப் பிடுங்கினார். 39 யார்டு ஃபீல்ட் கோல், 29-32. அந்த மிச்சிகன் 12-2 என்று முடித்து பிக் டென் பட்டம் வென்றது.

மார்ட்டினஸ் மோசமான வீரரா? இல்லை. அடுத்த ஆண்டு கேன்சஸ் ஸ்டேட்டுக்குப் போய், ஓக்லஹோமாவை 41-34 என்று வென்ற ஆட்டத்தில் காலால் மட்டும் நான்கு டச் டவுன் அடித்தார். நெப்ராஸ்காவில் எல்லா ஆட்டத்தையும் கடைசியில் அவர் தோளில் ஏற்றிவிட்டார்கள். இறுக்கமான நேரத்தில் ஒரே ஆள் வீசவும் வேண்டும், ஓடவும் வேண்டும் என்றால் தவறும் அவரிடமிருந்துதான் வரும்.

இதில் ஃப்ராஸ்ட்டின் பங்கு என்ன? இவர் 1997-இல் இதே நெப்ராஸ்காவுக்கு தேசியப் பட்டம் வாங்கித் தந்த குவார்ட்டர்பேக். 2017-இல் சென்ட்ரல் ஃப்ளோரிடாவை 13-0 என்று கொண்டுபோன பயிற்சியாளர். 1969 முதல் 2001 வரை 33 ஆண்டுகள் தொடர்ந்து குறைந்தது 9 வெற்றி பார்த்த, 1962 முதல் மைதானம் நிரம்பாத ஆட்டமே இல்லாத ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கூட்டி வந்தது. அப்போதைய விதிப்படி களப் பயிற்சி தர ஒரு தலைமைப் பயிற்சியாளருக்குப் பத்து உதவிப் பயிற்சியாளர்கள்தான் அனுமதி. அந்தப் பத்தில் ஒருவரை முழுநேரமாக ஸ்பெஷல் டீம்ஸுக்கு ஒதுக்கலாம், அல்லது அந்த வேலையை வேறு பொறுப்பில் இருப்பவர் தலையில் கூடுதலாகக் கட்டலாம். 2021-இல் ஃப்ராஸ்ட் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். முழுநேர ஆளாக பில் புஷ் வந்தது சீசன் முடிந்த பிறகுதான். இதை துரதிர்ஷ்டம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இருக்கும் பத்து நாற்காலியை யாருக்குப் போடுவது என்று உட்கார்ந்து எடுத்த முடிவு அது.

நிர்வாகம் என்ன செய்தது என்பது இன்னும் விசித்திரம். ஒஹாயோ ஸ்டேட் தோல்விக்குப் பின், நவம்பர் 8-இல், விளையாட்டு இயக்குநர் ட்ரெவ் ஆல்பர்ட்ஸ் ஃப்ராஸ்ட்டைத் தக்கவைத்தார். சம்பளம் 50 லட்சம் டாலரிலிருந்து 40 லட்சமாகக் குறைந்தது. நீக்கினால் தர வேண்டிய தொகை 2022 அக்டோபர் 1-இல் 1.5 கோடி டாலரிலிருந்து 75 லட்சமாக இறங்கும் என்று ஒப்பந்தம் மாறியது. அதே நாளில் நான்கு உதவிப் பயிற்சியாளர்களை வெளியே அனுப்பினார்கள். நான்கு பேரும் தாக்குதல் பக்கத்தவர்கள். நோய் காலில், கட்டு கையில்.

அடுத்த ஆண்டு, எண்களை வைத்துப் பேசுபவர்களில் பலர் நெப்ராஸ்கா தானாகவே மீளும் என்று எதிர்பார்த்தார்கள். ஒரு ஸ்கோர் ஆட்டங்களில் 0-8 போன அணி அடுத்த ஆண்டு பாதியாவது வெல்லும் என்பது பொதுவாக நம்பத்தக்க விதி. இங்கே அது பலிக்கவில்லை. 2022 ஆகஸ்ட் 27, டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 என்று முன்னிலையில் இருக்கும்போது ஃப்ராஸ்ட் ஆன்சைட் கிக் அடிக்கச் சொன்னார். அதாவது பந்தைக் குட்டையாக உதைத்துத் தானே எடுக்கப் பார்ப்பது. தோற்றுக்கொண்டிருப்பவர் கடைசியில் ஆடும் சூதாட்டம். எதிரணி பந்தை எடுத்தது, ஆட்டம் 28-31. இரண்டு வாரத்தில் ஜார்ஜியா சதர்னிடம் 42-45. செப்டம்பர் 11-இல் ஃப்ராஸ்ட் நீக்கப்பட்டார். மூன்று வாரம் பொறுத்திருந்தால் 75 லட்சம் மிச்சமாகியிருக்கும், பொறுக்க முடியவில்லை. அவருடைய மொத்தக் கணக்கு 16-31. ஒரு ஸ்கோர் ஆட்டங்களில் மட்டும் 5-22.

இந்த 5-22 தான் அதிர்ஷ்டம் என்ற வாதத்தை உடைக்கிறது. எட்டு ஆட்டம் பூவா தலையாவில் எதிராக விழலாம். 27-இல் 22 விழுந்தால் நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் போனதும் அந்த வியாதி போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. புதிய பயிற்சியாளர் மேட் ரூல் வந்த 2023-இல் 5-7. ஏழு தோல்வியில் ஐந்து ஒரு ஸ்கோரில், அதில் கடைசி நான்கும் அடுத்தடுத்து: மிச்சிகன் ஸ்டேட் 17-20, மேரிலண்ட் 10-13, விஸ்கான்சின் 17-24, அயோவா 10-13. 2024-இல்தான் 7-6 என்று முடித்து, பின்ஸ்ட்ரைப் பௌலில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று வென்றார்கள். 2016-க்குப் பிறகு நெப்ராஸ்கா ஆடிய முதல் பௌல் அது. 5 புள்ளி வித்தியாசம், ஒரு ஸ்கோர் ஆட்டம்.

வேறு எந்த அணியின் தோல்வி சீசனையும் இதே மாதிரி நீங்களே பிரிக்கலாம். ஆட்ட முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். 20 புள்ளிக்கு மேல் வென்றதையும் தோற்றதையும் தனியாக வைத்துவிட்டு மீதியில் எடுத்தது கொடுத்தது பாருங்கள். ஒரு ஸ்கோர் ஆட்டங்களை எண்ணுங்கள். அவை நாலைந்துக்குக் குறைவாக இருந்தால் அதிர்ஷ்டம் பற்றிப் பேச அங்கே ஒன்றுமில்லை, அணி உண்மையிலேயே பலவீனம். அதிகமாக இருந்தால் அடுத்த வேலை, ஆட்டக் குறிப்பில் உதை சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் படிப்பது: தவறிய எக்ஸ்ட்ரா பாயின்ட், தடுக்கப்பட்ட பன்ட், ஓடிய ரிட்டர்ன், சேஃப்டி. ஃபம்பிள்களைப் பார்க்கும்போது எத்தனை முறை பந்து நழுவியது என்பதை எண்ணுங்கள், யார் எடுத்தார்கள் என்பதை அல்ல. நழுவிய பந்து யார் கையில் சேரும் என்பது பெரும்பாலும் குருட்டு அதிர்ஷ்டம், நழுவ விடுவது பழக்கம். கடைசியாக, அந்த அணியின் பயிற்சிக் குழுப் பட்டியலில் ஸ்பெஷல் டீம்ஸ் என்ற சொல் யார் பெயருக்கு எதிரே இருக்கிறது, அதே வரியில் வேறு பொறுப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.